டிரெடில் – மிதியச்சுப்பொறி

கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கருமாதி நோட்டீஸ் என்று வந்த வேலையெல்லாம் பார்த்த சிறு அச்சகங்களுக்குச் சோறு போட்ட எந்திரம் டிரெடில். அப்பா எழுத்துக் கோக்க, பிள்ளை எந்திரத்தை மிதிக்க, வீட்டு முன்கூடத்திலேயே தொழில் நடந்துவிடும்.

ஆங்கிலத்தில் 'டிரெட்' என்றால் மிதித்தல். அதன் வழிவந்த 'டிரெடில்' முதலில் படிக்கட்டின் படியைக் குறித்தது. பின்பு தறி, கடைசல் எந்திரம், தையல் எந்திரம் ஆகியவற்றின் மிதிகட்டைக்குப் பெயரானது. நம் அச்சகங்களில் அந்த உறுப்பின் பெயரே முழு எந்திரத்துக்கும் நின்றுவிட்டது. அசல் சினையாகுபெயர்!

இவ்வகை எந்திரத்தைப் பரவலாக்கியவர் நியூயார்க்கின் ஜார்ஜ் கார்டன். 1851-இல் காப்புரிமை பெற்றார். அச்சுத் தொழிலும் செய்த பழைய அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் கனவில் வந்து எந்திரத்தின் அமைப்பை விளக்கியதாகவும் சொல்லிக்கொண்டார்; நம்புவது நம் விருப்பம்.

எழுத்துகளை இறுக்கிய 'சேஸ்' என்ற இரும்புச் சட்டம் நிமிர்ந்து நிற்கும். மிதிக்க மிதிக்கப் பெரிய சக்கரம் சுழல, தாள் வைத்த தட்டு எழுத்தின்மேல் அழுந்தி விலகும். தட்டு அழுந்தும்போது உருளைகள் மேலேறி வட்டமான மைத்தட்டைத் தடவும்; விலகியதும் இறங்கி எழுத்துக்கு மை பூசும். மை ஒரே இடத்தில் தங்காதிருக்க மைத்தட்டும் ஒவ்வொரு முறையும் சற்றே திரும்பிக்கொள்ளும். அதற்குள் ஒரு கை அச்சான தாளை எடுக்க, மறு கை புதுத் தாளை வைத்தாக வேண்டும். கணக்குத் தப்பினால் விரல் நசுங்கும். கைதேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் தாள்வரை அடிப்பார். பழைய உருளைகள் வச்சிரப் பசையும் சர்க்கரைப் பாகும் காய்ச்சி வார்த்தவை. கோடை வெயிலில் இளகித் தொல்லை கொடுக்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'அச்சு எந்திரம்' போதாது. ஆஃப்செட்டும் அச்சு எந்திரம்தான். தாள் வைக்கும் தட்டைக் குறிக்கும் 'பிளாட்டன்' என்ற இன்னொரு பெயரைப் பின்பற்றித் 'தட்டு அச்சுப்பொறி' என்றால், படிப்பவர் டைப்ரைட்டரை நினைத்துக்கொள்வார். மிதிவண்டி, மிதியடி என்ற வழக்கில் 'மிதியச்சுப்பொறி' என்பதே பொருந்தும். மோட்டார் பூட்டி மிதிகட்டையைக் கழற்றிய பிறகும் தொழிலாளர்கள் அதை டிரெடில் என்றே அழைத்தார்கள். ஆகவே 'மிதிப்பதே இல்லையே' என்ற ஆட்சேபம் எடுபடாது.

அச்சடிக்கும் வேலையை ஆஃப்செட் கொண்டுபோய்விட்டது. பில் புத்தகத்துக்கு எண் போடவும், கிழிப்பதற்குத் துளைவரி இடவும், அட்டையை வடிவாக வெட்டவும் பழைய மிதியச்சுப்பொறிகள் இன்றும் சில இடங்களில் ஓடுகின்றன.