பெருகும் செல்லை ஒளியால் கண்டறிதல்

மழை ஓய்ந்து டெங்கு பரவும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், தில்லியின் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விஹாரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் யாருக்கேனும் காய்ச்சல் என்றால், 'பிளேட்லெட் எவ்வளவு?' என்ற கேள்வியே முதலில் எழுகிறது. வெள்ளணுக்களில் ஒரு வகையான, வைரஸை எதிர்க்கும் டி செல்கள் பெருகத் தொடங்கிவிட்டனவா என்பதை அந்த எண் சொல்லாது. வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கையும் இதற்கு உதவாது. டெங்குவில் அது பெரும்பாலும் குறையவே செய்கிறது.

ஆய்வாளர்கள் இதற்குத் தேடுவது கி-67 என்னும் புரதத்தை. 1983இல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் அறிவித்த இப்புரதம், பிரிவதற்கான சுழற்சியில் இறங்கிய செல்லின் உட்கருவில் காணப்படும். நெடுநாள் ஓய்விலிருக்கும் செல்லில் அநேகமாக இராது. ரத்தத்திலுள்ள டி செல்களில் பெரும்பாலானவை ஓய்வில் இருப்பவை என்பதால், விழித்தெழுந்த சிலவும் தனித்துத் தெரியும்.

கி-67ஐ மட்டுமே பற்றும் எதிர்ப்பொருளுடன் (ஆன்டிபாடி) ஒளிரும் சாயத்தை இணைத்துச் செலுத்துவதே முறை. ஆனால் எதிர்ப்பொருள் பெரிய மூலக்கூறு. உயிருள்ள செல்லின் சவ்வைக் கடந்து உட்கருவை அடைய அதனால் இயலாது. ஆகவே, டி செல்களையும் அவற்றின் வகையையும் இனங்காட்டும் சிடி3, சிடி8 போன்ற மேற்பரப்புப் புரதங்களை வேறு நிறச் சாயங்கள் ஏற்றிய எதிர்ப்பொருள்களால் முதலில் அடையாளப்படுத்திவிட்டு, ஃபார்மால்டிஹைடால் செல்லை உள்ளபடியே நிலைப்படுத்தி, சவ்வில் நுண்துளைகளை உண்டாக்கிய பின்னரே கி-67 எதிர்ப்பொருளைச் சேர்க்கிறார்கள். இதற்குத் தரும் விலை செல்லின் உயிர். சோதித்த செல்லை மீண்டும் வளர்க்க முடியாது.

செல்களின் ஒளிர்வை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கதிரைக் கடக்கின்றன. எதிர்ப்பொருளில் இணைத்த சாயம் ஃப்ளோரசீன் என்றால், அது 488 நானோமீட்டர் நீல ஒளியை உறிஞ்சி, ஏறத்தாழ 520 நானோமீட்டரில் பச்சையாக ஒளிர்வதை உணரி பதிகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான செல்களை இவ்வாறு அளக்கலாம். எனினும் இறந்த செல்கள் எதிர்ப்பொருளைக் கண்டபடி ஒட்டவைத்துக்கொள்ளும். அவற்றை விலக்காத முடிவை நான் நம்பமாட்டேன்.

கி-67 காட்டுவது செல் சுழற்சியில் இருக்கிறது என்பதை மட்டுமே. எத்தனை முறை பிரிந்தது என்றறிய, ஒவ்வொரு பிரிவிலும் பாதியாகக் குறையும் சிஎஃப்எஸ்ஈ சாயத்தை ஏற்றி, செல்களைச் சில நாட்கள் வளர்த்துப் பார்க்க வேண்டும். நோயாளியிடம் எடுத்த ரத்தத்தை அன்றைக்கே ஆராயக் கி-67 போதும். ஆனால் ஒளிர்ந்த செல் டெங்கு வைரஸைத்தான் எதிர்க்கிறதா என்றறிய, அவ்வைரஸின் புரதத் துண்டுகளால் அதே நோயாளியின் உயிருள்ள வேறு செல்களைத் தூண்டிப் பார்க்கும் சோதனை தனியே தேவைப்படும்.