காட்ரிட்ஜின் மூலையில் ஒளிந்துகொள்ளும் பொடி

குமரி மாவட்டம் தக்கலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “டோனர் தீர்ந்துவிட்டது என்று பிரிண்டர் சொல்கிறது. காட்ரிட்ஜைக் கழற்றி நாலு ஆட்டு ஆட்டிப் போட்டால் இன்னும் ஐம்பது பக்கம் வருகிறது. ரீஃபில் போட வரும் தம்பி திறந்து காட்டினால், ஓரமெல்லாம் பொடி அப்பிக் கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொடிதானே? கடைசி வரை தீர்கிற மாதிரி ஒரு காட்ரிட்ஜ் செய்யக் கூடாதா?”

செய்யத்தான் பார்க்கிறார்கள். பொடி ஒத்துழைப்பதில்லை.

லேசர் பிரிண்டரின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். டிரம் என்ற உருளையில் மின்னூட்டம் ஏறும், லேசர் பட்ட இடத்தில் அது மாறும், அங்கே டோனர் ஒட்டும், பிறகு காகிதத்துக்குத் தாவிச் சூட்டில் உருகிப் பதியும். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் இந்த வித்தையின் முதல் வடிவத்தைச் செய்து பார்த்தபோது, மைக்குப் பதிலாகத் தூவியது லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துத்தூள். அது தண்ணீர் மாதிரி ஓடும் தூள். இன்றைய டோனர் பிளாஸ்டிக்கும் கரியும் மெழுகும் சேர்ந்தது. ஒரு துகள் 5 முதல் 10 மைக்ரான்தான் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). வம்பே அந்த அளவில்தான்.

மணவாளக்குறிச்சி கடற்கரையில் ஒரு பிடி மணலை அள்ளுங்கள். விரலிடுக்கில் சரசரவென்று இறங்கிவிடும். ஒரு மணல் துகள் 200 மைக்ரான், ஒரு டோனர் துகள் 8 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 25-ல் ஒரு பங்கு. எடை விட்டத்தின் மும்மடிப்படி குறையும் என்பதால் 15,625-ல் ஒரு பங்காகிவிடும் (அடர்த்தி வித்தியாசத்தை விட்டுவிடலாம்). ஆனால் துகளும் துகளும் ஒட்டிக்கொள்ளும் விசை விட்டத்துக்கு நேர் விகிதத்தில்தான் குறையும். அதாவது 25-ல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், எடையோடு ஒப்பிடும்போது டோனரின் ஒட்டல் மணலைவிட 625 மடங்கு. புவியீர்ப்புக்கு அங்கே பேச்சே இல்லை. அரிசி மாவு டப்பாவைக் கவிழ்த்தால் முதலில் ஒன்றும் வராது, தட்டினால் மொத்தமாகக் கொட்டும் அல்லவா? அதே குணம்தான். நடுவில் குழி விழும், ஓரத்தில் பொடி சுவர் மாதிரி நிற்கும்.

இதற்கு வேதியியலாளர்கள் கண்ட வழி எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஒவ்வொரு டோனர் துகளின் மேலும் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு சிறிய சிலிக்கா மணிகளை ஒட்டவைக்கிறார்கள். இரண்டு சக்கையை, அதாவது பலாப்பழத்தை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முள்ளும் முள்ளும்தானே தொடும்? சதையும் சதையும் தொடாது. அப்படித்தான் இங்கேயும். தொடும் இடம் சிறுத்ததும் ஒட்டல் சரிந்து, பொடி ஓடத் தொடங்குகிறது. பல டோனர்களில் சிலிக்காவோடு டைட்டானியம் டை ஆக்சைடும் உண்டு, ஈரக் காற்றிலும் மின்னூட்டம் தடுமாறாமல் இருக்க. அதன் மூலப்பொருளான இல்மனைட் என்ற தாது நம் மணவாளக்குறிச்சி கறுப்பு மணலில்தான் இருக்கிறது. அங்குள்ள ஆலை அதைப் பிரித்தெடுப்பதும் உயர் மின்னழுத்தம் கொண்ட சுழலும் உருளைகளாலும் காந்தத்தாலும். பல காட்ரிட்ஜ்களிலும் பொடியை டிரம் பக்கம் ஏந்திப் போவது ஒரு காந்த உருளைதான்; ரீஃபில் போடும் தம்பியிடம் மேக்னெட்டிக் ரோலர் என்றால் சட்டென்று எடுத்துக் காட்டுவார். சாயா கடையில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய ஒற்றுமை!

அடுத்தது பெட்டியின் வடிவம். உள்ளே ஒரு கிளறி சுழல்கிறது. அதன் நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். பெட்டியின் அடித்தளத்தை அந்தக் கிளறியின் வட்டத்துக்கு ஏற்ப வளைத்துச் செய்கிறார்கள், கூர்மூலை இல்லாமல். தாளை ஆரத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வெட்டுகிறார்கள். அதனால் அது வளைந்து சுவரை வழித்துக்கொண்டே வந்து, விளிம்பு தாண்டியதும் சுண்டிவிட்ட மாதிரி பொடியை உருளைப் பக்கம் எறியும். அம்மா சட்டியில் மிச்ச மாவை விரலால் வழிப்பாரே, அதேதான்.

அப்படியானால் வேகமாகச் சுற்ற வேண்டியதுதானே? சுற்றினால் சிலிக்கா மணிகள் அழுந்தி டோனருக்குள்ளேயே புதைந்துவிடும். முள் போன சக்கை! பொடி மறுபடி ஒட்டத் தொடங்கும். வழிக்கவும் வேண்டும், நசுக்கவும் கூடாது. வடிவமைப்பாளர்களின் தலைவலி இதுதான்.

இன்னொரு மிச்சமும் உண்டு. டிரம்மில் ஒட்டியதெல்லாம் காகிதத்துக்குப் போவதில்லை. தங்கியதை வைப்பர் பிளேடு சுரண்டிக் கழிவு அறையில் தள்ளும். அரைத்துச் செய்த கரடுமுரடான டோனரைவிட, வேதிமுறையில் வளர்த்த உருண்டை டோனர் காகிதத்துக்கு நன்றாகத் தாவும், கழிவு குறையும். ஆனால் முழு உருண்டையானால் பிளேடுக்கு அடியில் உருண்டு தப்பிவிடும். அதனால் பலர் உருளைக்கிழங்கு மாதிரி ஒரு வடிவத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். கழிவுப் பொடியைத் திரும்ப உள்ளே கொட்டாதீர்கள். அதில் காகிதத் தூசி இருக்கும், டிரம்மில் கீறல் விழும்.

மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதித்தால் செய்தி வருகிறது, வரட்டும். சிமென்டும் பால்பவுடரும் மாத்திரை மருந்தும் பொடிகள்தான். பொடி எப்படி ஓடுகிறது என்று ஆராய ஒருவர் நிதி கேட்டால் மட்டும் ஏன் சிரிக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

சரி, அந்த ஐம்பது பக்கம்? பல பிரிண்டர்கள் பொடியை அளப்பதே இல்லை. அச்சான புள்ளிகளை எண்ணி, இவ்வளவு செலவாகியிருக்கும் என்று ஊகிக்கின்றன. ஆட்டும்போது ஓரத்துப் பொடி சரிந்து குழி நிரம்புகிறது. இடம் வலமாக மெதுவாக ஐந்தாறு முறை ஆட்டினால் போதும், தரையில் தட்ட வேண்டாம். ஆயுத பூஜைக் குங்குமத்தை மூடிக்கு மேலேயே வையுங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை என்பதால், பிரிக்காத காட்ரிட்ஜை உறையோடு வைத்திருங்கள். ஈரம் பட்டால் புட்டு மாவு மாதிரி பிடிபிடியாகச் சேர்ந்துவிடும். சட்டையில் கொட்டினால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் ஊற்றினால் டோனர் இளகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.