மூன்று மாதத்தில் இரண்டு பேட்டரி

போன ஐப்பசி மழையில் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினார். மூன்று மாதத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. சனிக்கிழமை இரவு ஷெட்டில் விட்டால் செவ்வாய்க்கிழமை காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, டிக் டிக் என்று ரிலே சத்தம் மட்டும்தான். பேட்டரி விற்ற கடையில் "டைனமோ சார்ஜ் ஏத்தலைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் "இசியூ போயிருக்கும்" என்று, அதாவது காரின் கம்ப்யூட்டரே போய்விட்டது என்று, ஐந்து இலக்கத்தில் ஒரு தொகையைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

வைத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.2 வோல்ட். அந்தக் காருக்கு 13.8 முதல் 14.5 வரை இருந்தால் போதும், ஆகவே டைனமோ மேல் குற்றமில்லை. சார்ஜ் ஏறத்தான் செய்கிறது, நிற்கும்போது எங்கேயோ ஒழுகுகிறது.

இங்கேதான் பலரும் அவசரப்படுவார்கள். இப்போதைய கார்கள் பூட்டியவுடனே தூங்குவதில்லை. பூட்டு, கண்ணாடி, டாஷ்போர்டு மீட்டர், ஏசி என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது, மாட்யூல் என்போம். அவை ஒன்றுக்கொன்று பேசி முடித்து அடங்க, வண்டியைப் பொறுத்துப் பத்து நிமிடமும் ஆகும், முக்கால் மணி நேரமும் ஆகும். அதற்குள் அளந்துவிட்டு "ரெண்டு ஆம்பியர் இழுக்குது, ஒயரிங் பூரா ஷார்ட்" என்று சொல்வது தப்பு. பானெட் திறந்திருந்தாலும் அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடியதாகக் காரை நம்பவைக்க வேண்டும். சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் வண்டியென்றால் அந்தச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவே கூடாது, வண்டி திரும்பத் திரும்ப விழித்துக்கொள்ளும். ஆம்பியர் மீட்டரைத் தொடராக மாட்டியிருக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால் மீட்டருக்குள் இருக்கும் பியூஸ் போய்விடும். என் கையால் இரண்டு மீட்டர் அப்படிப் போயிருக்கிறது.

முழுதாகத் தூங்கிய கார் சுமாராக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். இந்தக் கார் ஒரு மணி நேரம் கழித்தும் 0.6 ஆம்பியரில் நின்றது. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் ஒரு நாளைக்கு 14 ஆம்பியர் மணி கணக்காகிறது. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் இரண்டு நாளில் பாதிக்கு மேல் காலி. செவ்வாய்க்கிழமை செல்ஃப் எடுக்காததற்குக் காரணம் இவ்வளவுதான்.

பியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்ப்பது பழைய முறை. பிடுங்கித் திரும்பச் செருகும்போது தூங்கின மாட்யூல் எழுந்துவிடும். பியூஸின் தலையில் இருக்கும் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட் அளந்தாலே எந்த வழியாகக் கரண்ட் போகிறது என்று தெரிந்துவிடும். மியூசிக் செட்டின் பியூஸில் காட்டியது.

ஆறு மாதத்துக்கு முன்னால் வெளியே மாட்டிய பெரிய திரை ஆண்ட்ராய்டு செட் அது. செட்டுக்கு மஞ்சள் ஒயர் நிரந்தரக் கரண்ட், சிவப்பு ஒயர் சாவி போட்டால் மட்டும் வரும் கரண்ட். மாட்டியவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார். திரை அணைந்தாலும் செட் உள்ளே விழித்தே இருந்தது. ஸ்டியரிங் பட்டன் வேலை செய்வதற்காகக் கூடவே வைத்த சின்னப் பெட்டியும் காரின் கேன் லைனில் பேசிக்கொண்டே இருந்ததால் காரின் மற்ற மாட்யூல்களும் அடங்கவில்லை. சிவப்பு ஒயரைப் பிரித்து உரிய இடத்தில் கொடுத்ததும் பெட்டியும் சேர்ந்து அடங்கி, 30 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது. இரண்டு பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை நினைத்து அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கேன் லைன் என்றேன் அல்லவா? முன்பெல்லாம் ஒரு விளக்குக்கு ஒரு ஸ்விட்ச், ஒரு ஒயர். இப்போது முறுக்கிய இரண்டு ஒயரில் எல்லா மாட்யூலும் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகம் செய்த ஏற்பாடு இது. லைனின் இரு முனையிலும் 120 ஓம் வீதம் இரண்டு ரெசிஸ்டர் உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் 6, 14 ஆகிய இரண்டுக்கும் இடையே அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. செட் மாட்டும்போது டேஷுக்குப் பின்னால் இந்த ஜோடி நசுங்கினால் டாஷ்போர்டு மீட்டரில் பிரேக்குக்கான ஏபிஎஸ் விளக்கு, ஸ்டியரிங் விளக்கு எல்லாம் திருவிழா போல எரியும். ஸ்கேனரில் 'யு' எழுத்தில் தொடங்கும் கோளாறு எண்கள் வரிசையாக வரும். பேச்சு நின்றுபோனது என்பதுதான் அதற்குப் பொருள். அதைப் பார்த்துவிட்டு ஏபிஎஸ் யூனிட்டை விலைக்கு வாங்கியவர்களும் உண்டு.

அப்புறம், ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்த ஸ்பீக்கரில் 'ங்ஙீ' என்று ஏறும் சத்தம். "செட் டூப்ளிகேட்டோ?" என்று கேட்டு வருவார்கள். பத்தில் எட்டு வண்டியில் எர்த்தான் காரணம். டிக்கியில் வைத்த ஆம்ப்ளிஃபயரின் எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். சுரண்டி, வெறும் தகட்டில், குட்டையான தடித்த ஒயரில் கொடுக்க வேண்டும். ஆம்ப் சத்தமாக ஓடும்போது அதன் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வோல்ட் அளந்து பாருங்கள், 0.2-ஐத் தாண்டினால் அந்த எர்த் சரியில்லை. பாட்டு வரும் ஒயரும் பேட்டரி ஒயரும் ஒரே பக்கமாகப் படுத்திருந்தாலும் இந்தச் சத்தம் வரும், ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிட வேண்டும். பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயரில் அரை மீட்டருக்குள் பியூஸ் இல்லாத வண்டியைப் பார்த்தால், சத்தத்தை மறந்துவிட்டு முதலில் பியூஸ்தான் போடுவேன். அது தீப்பிடிக்கிற விஷயம்.

எஃப்எம் மட்டும் இரைகிறதா? டேஷ்கேமரா சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். செலவே இல்லாத வைத்தியம். புது செட் மாட்டியதிலிருந்து ஸ்டேஷனே இழுக்கவில்லை என்றால், கூரையில் இருக்கும் சுறாத்துடுப்பு ஆன்டெனாவுக்குள் ஒரு பூஸ்டர் உண்டு, அதற்கு 12 வோல்ட் கொடுக்க மறந்திருப்பார்கள்.

ஸ்டியரிங்கில் வால்யூம் பட்டன் வேலை செய்யவில்லை, ஹாரன் விட்டு விட்டு அடிக்கிறது, ஏர்பேக் விளக்கு எரிகிறது. மூன்றும் சேர்ந்து வந்தால் மூன்று கோளாறு என்று எண்ண வேண்டாம். ஸ்டியரிங்குக்குப் பின்னால் சுருளாக இருக்கும் ரிப்பன் கேபிள் ஒன்றுதான் மூன்றுக்கும் வழி, அது அறுந்திருக்கும். இதை மட்டும் வீட்டில் கழற்றாதீர்கள். ஒயர்களை இணைக்கும் கப்ளர் மஞ்சளாக இருந்தால் அது ஏர்பேக். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் நாங்களே தொடுவோம். அந்த ஒயரில் டெஸ்ட் லேம்பை வைக்கவே கூடாது, 5 வோல்ட் சென்சார் ஒயரிலும் அப்படித்தான். லேம்பு இழுக்கும் கரண்ட் இசியூவின் உள்ளே இருப்பதைக் கருக்கிவிடும்.

மழைக்காலக் கோளாறுகளில் நான் அதிகம் பார்ப்பது வெள்ளம் புகுந்த வண்டி அல்ல. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் இலையும் தூசியும் அடைத்து, தண்ணீர் இடது பக்கக் கார்ப்பெட்டுக்குக் கீழே தேங்கிய வண்டிதான். மேலே தொட்டால் ஈரமே தெரியாது. அடியில் இருக்கும் கப்ளர் பச்சை பூத்து, பூட்டு தானாகத் திறக்கும், கண்ணாடி பாதியில் நிற்கும், ஸ்பீக்கர் ஒரு பக்கம் ஊமையாகும். வண்டிக்குள் புளித்த வாடை வந்தால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு பேட்டரி மாற்றிய அந்தக் கார்க்காரர் போன வாரம் மறுபடி வந்தார். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கையில் 100 வாட் ஹெட்லைட் பல்ப் ஜோடி. கம்பெனி பல்ப் 60 வாட், அதாவது 5 ஆம்பியர். இது 8 ஆம்பியரைத் தாண்டும், அந்த ஒயருக்கும் ஹோல்டருக்கும் தாங்காது என்று சொன்னேன்.

"அப்ப ரிலே வச்சுத் தனியா ஒயர் இழுத்துக் குடுங்கண்ணே" என்றார்.

"எதிரே வர்றவருக்குக் கண்ணு தெரிய வேண்டாமா தம்பி?" என்று கேட்டேன். பல்பைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டுக்கொண்டு போனார்.