ஒரே வளவில் மூன்று தலைமுறைத் தூக்கம்

தூக்கம் வரவில்லை என்று வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறார் என்பதல்ல. காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தானா என்பதுதான். பத்து மணிக்குப் படுத்துவிடலாம். பத்து மணிக்குத் தூங்கியே ஆக வேண்டும் என்று உடம்புக்கு உத்தரவு போட முடியாது. எழும் நேரம் மட்டும்தான் முழுதாக நம் கையில் இருக்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே வந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காலை வெளிச்சம் கண் வழியாகப் போய் மூளைக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருத்துகிறது. உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் எப்போது சுரக்கும் என்பது அதைப் பொறுத்தே அமைகிறது. தினம் ஒரு நேரத்தில் எழுகிறவருக்கு இந்த இரண்டும் இரவில் ஒன்றுசேரும். ஒரு நாள் ஐந்தரை, ஒரு நாள் ஒன்பது என்று எழுகிறவருக்குச் சேராது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் சண்டை ஒன்று உண்டு. அப்பத்தா நாலரை மணிக்கெல்லாம் எழுந்து வாசல் தெளிக்கிறார். பிளஸ் டூ படிக்கும் பேரனுக்குப் பதினொன்றரைக்கு முன் கண் அசராது. "நாங்கள்லாம் எட்டரைக்கே படுத்துருவோம்" என்று அவர் சொல்வதும் உண்மை, பேரனுக்குத் தூக்கம் வராததும் உண்மை. வயதுக்கு வயது கடிகாரம் மாறுகிறது. வீடு முழுவதற்கும் ஒரே சட்டம் போடுவதில்தான் சிக்கல்.

பிறந்த குழந்தைக்கு நாளில் 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு அதற்கு இரவு பகல் தெரியாது. பகலில் முகப்புப் பக்கம் வெளிச்சத்தில் வைத்திருங்கள். இரவில் பால் கொடுக்கும்போது சின்ன விளக்கு போதும். பேச்சு, கொஞ்சல் வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு. தலையணை, மெத்தென்ற துணிமூட்டை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சேலைத் தொட்டிலில் பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கும் ஆபத்து உண்டு. ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தொட்டில். இரவுத் தூக்கம் சமமான, அழுத்தமான விரிப்பில். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை கட்ட வேண்டும்.

மூன்று முதல் ஐந்து வயதுவரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், ஆறு முதல் பன்னிரண்டு வரை 9 முதல் 12. பள்ளிப் பிள்ளை வாயைத் திறந்தபடி குறட்டை விட்டால் "அசந்து தூங்குறான்" என்று விட்டுவிடாதீர்கள். மூக்கின் பின்புறம் இருக்கும் அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கி மூச்சை அடைக்கலாம். அந்தப் பிள்ளை பெரும்பாலும் பகலில் தூங்கி வழியாது. துறுதுறுவென்று ஓடும், வகுப்பில் கவனம் நிற்காது. சேட்டை என்று அடி வாங்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

பதின்வயது வேறு கதை. பூப்பெய்தும் காலத்தில் மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது. இது சோம்பலோ திமிரோ இல்லை, உடலின் இயல்பு. ஆனால் தேவை குறைவதில்லை: 8 முதல் 10 மணி நேரம். பதினொன்றரைக்குத் தூங்கும் பிள்ளையை ஐந்தரை மணி டியூஷனுக்காக ஐந்து மணிக்கு எழுப்பினால் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். கனவுகள் நிறைந்த தூக்கம் பெரும்பாலும் விடியற்காலைப் பகுதியில்தான் வருகிறது. ஆழ்ந்த தூக்கம் முதல் பகுதியில். படித்ததை மூளை பதியவைப்பதில் இரண்டுக்கும் பங்கு உண்டு. மார்ச்சில் பொதுத்தேர்வு என்று ஜனவரியிலிருந்து தூக்கத்தைக் குறைப்பது, படித்ததைத் தாங்களே அழிப்பதற்குச் சமம். காலை டியூஷனை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இதற்காக வாதாடுவதில் தப்பே இல்லை. செல்போன் சார்ஜர் படுக்கும் அறையில் இருக்க வேண்டாம். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம், பதினொரு மணிவரை வேண்டாம். நேரத்தை முன்னுக்குக் கொண்டுவர வேண்டுமானால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை 15 நிமிடம் என்று நகர்த்தி, எழுந்தவுடன் மொட்டைமாடியில் அரை மணி நேரம் வெளிச்சத்தில் நிற்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரத்தை நகர்த்த முயன்றால் இருட்டில் விழித்துக்கொண்டுதான் கிடப்பார்கள்.

வேலைக்குப் போகிற வயதில் 7 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. காபி, டீயில் இருக்கும் கஃபீன் அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். ஆறு மணிக் காபியில் பாதி, பதினொன்றரைக்கும் உடம்பில் இருக்கிறது. தூக்கம் கெட்டவர்கள் கடைசிக் காபியைப் பகல் இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் குறைந்தது இரண்டரை மணி நேரம் இடைவெளி. பத்து மணிக்குப் பரோட்டாவும் மிளகுக் கோழியும் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி இரண்டு மணிக்கு நெஞ்செரிச்சலோடு எழுப்பிவிடும்.

கல்யாணச் சமையல்காரர்கள், புதுவயல் அரிசி ஆலைகளில் இரவு வேலை பார்ப்பவர்கள், கார் ஓட்டுநர்கள் ஆகியோருக்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. இரவு வேலை முடிந்து வீடு திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். காலை வெயில் பட்டால் பகல் தூக்கம் கெடும். சன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, வந்தவுடன் படுத்துவிட வேண்டும். டீ, வேலையின் முதல் பாதியில் மட்டும். வண்டி ஓட்டுகிறவருக்குப் பின்னிரவு இரண்டு முதல் ஐந்து மணிவரைதான் மோசமான நேரம். கல்யாணம் முடிந்து திருச்சிச் சாலையில் அந்த நேரத்தில் திரும்ப வேண்டாம். கண் சொக்கினால் பாட்டை உரக்க வைப்பதும் கண்ணாடியை இறக்குவதும் உதவாது. ஓரமாக நிறுத்தி 20 நிமிடம் தூங்குவதுதான் வழி.

நாற்பதைத் தாண்டியவருக்குக் கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், உரத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழுதல், எத்தனை மணி நேரம் தூங்கினாலும் பகலில் அசதி, மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் இவை சேர்ந்திருந்தால் தூக்கப் பரிசோதனை தேவை. கூடப் படுப்பவர் போனில் ஒரு நிமிடம் பதிவு செய்து கொண்டுவந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மாலையானால் கால் குடைச்சல், ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுதல் என்றால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு முக்கியக் காரணம்.

முதியவர்கள் விஷயத்தில்தான் செட்டிநாட்டு வீட்டமைப்பையே கணக்கில் எடுக்க வேண்டும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு பேர், சில சமயம் ஒருவர். எழுபது வயதில் எட்டு மணிக்கே தூக்கம் சொக்குவது இயல்பு. ஆனால் பத்தரை மணிக்குப் பேரப்பிள்ளை கூப்பிடுவார் என்று காத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் அப்போது கோடைக்காலப் பகல் ஒரு மணி. பேசிவிட்டுப் படுத்தால் முதல் தூக்கம் போயிருக்கும். அங்கே இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் இங்கே காலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னே இருப்பதால் அங்கே இரவு எட்டு, இங்கே மாலை ஐந்தரை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இந்த நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடுகளில் கழிவறை பின்கட்டுக்கும் அப்பால் இருக்கும். இரவில் மூன்று முறை எழுகிறவர் ஒவ்வொரு முறையும் நிலைப்படிகளைத் தாண்டி, வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் நடக்கிறார். இடுப்பெலும்பு முறிவது இங்கேதான். வழி நெடுக முழங்கால் உயரத்தில் மங்கலான விளக்கு, படியோரத்தில் வெள்ளைப் பட்டை, கட்டிலருகே யூரின் கேன் இவற்றுக்குப் பெரிய செலவில்லை. கால் வீக்கம் உள்ளவர் மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுத்தால் அந்த நீர் படுக்கும் முன்பே பிரிந்துவிடும். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பகல் தூக்கம் மூன்று மணிக்கு முன், அரை மணி நேரத்துக்குள்.

பெரியவர்கள் "ராத்திரி பூரா தூங்கலை" என்றால் இரண்டு வாரம் எழுதிவைக்கச் சொல்லுங்கள்: படுத்தது, தூங்கியது, எழுந்தது. எட்டு மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறார் என்றால் படுக்கையில் இருக்கும் நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறைக்க வேண்டும்: பதினொன்றிலிருந்து ஐந்து வரை. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கத் தொடங்கியதும் வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டலாம். எந்த நிலையிலும் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. வலிப்பு, இருதுருவ மனநோய் உள்ளவர்களும், கனரக வண்டி ஓட்டுபவர்களும் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம். முதல் வாரம் பகலில் அசதி கூடும். அதற்குப் பயந்துதான் பெரும்பாலோர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

தூக்கத்துக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். முதியவரைத் தடுமாறி விழவும் வைக்கும். சளி மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுவதும் நல்லதல்ல: மறதி கூடும், புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே மாதக்கணக்கில் தூக்க மாத்திரை போட்டு வருகிறவர், இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே போய், அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தரச் சொல்லுங்கள்.