எழுத்தைக் கண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பது கை

பெங்களூருவில் வளரும் நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு சின்ன வட்டம் எத்தனை வேடம் போடுகிறது என்று பாருங்கள். ஆங்கிலப் பலகையில் அது 'ஓ'. பஸ் எண்ணில் பூஜ்யம். கன்னடத்தில் 'பெங்களூரு' என்று எழுதியிருந்தால் முதல் எழுத்தை அடுத்து அதே வட்டம் 'ங்' ஒலியாக நிற்கிறது. வீட்டில் பாட்டி 'ட' என்று காட்டுவதைப் பள்ளியில் 'எல்' என்கிறார்கள். 'ப'வைப் பார்த்தால் குழந்தை 'யூ' என்கிறது. இந்தக் குழப்பத்துக்குப் பயந்து 'தமிழ் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவைக்கும் வீடுகள் நிறைய. தள்ளிவைக்கத் தேவையில்லை. சொல்லிக்கொடுக்கும் வரிசையையும் முறையையும் மாற்றினால் போதும்.

எழுத்தைப் படிப்பதற்கென்று மூளையில் பிறவியிலேயே ஒதுக்கிய இடம் கிடையாது. மனிதன் எழுதத் தொடங்கியே சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியின் ஒரு துண்டை, இடப்பக்க மூளையின் பின்புற அடியில், எழுத்துக்காகப் பழக்கிக்கொள்கிறோம் என்று விளக்குகிறார் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தனிஸ்லாஸ் தெஹேன். அந்தப் பகுதிக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. கைப்பிடி வலப்பக்கம் இருந்தாலும் இடப்பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதான். அதே கண்ணோடு எழுத்தைப் பார்க்கும் குழந்தை 'ட'வைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுகிறது. ஆறு, ஏழு வயது வரை இது சாதாரணம். ஆங்கிலத்தில் 'பி'யின் சின்ன எழுத்தைத் திருப்பினால் 'டி' ஆகிவிடும். தமிழில் அப்படித் திருப்பினால் பெரும்பாலும் வேறு எழுத்தாகாது என்பதால் தொல்லை குறைவு. திட்டாமல், எந்த இடத்தில் தொடங்குவது என்று மறுபடி காட்டினால் தானாகச் சரியாகும்.

அந்தப் பகுதியைப் பழக்குவதில் கைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகள் எழுத்துகளை மூன்று விதமாகப் பழகினார்கள்: தாமே கையால் எழுதி, அச்சிட்ட கோட்டின் மேல் வரைந்து, விசைப்பலகையில் தட்டி. பிறகு மூளை ஸ்கேனில் அதே எழுத்துகளைக் காட்டியபோது, படிப்புக்குரிய பகுதிகள் தாமே எழுதிய எழுத்துகளுக்குத்தான் நன்றாக விழித்துக்கொண்டன. காரணம் என்று அவர்கள் கருதியது அழகான ஒன்று. குழந்தை எழுதும் 'ம' ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி கோணலாக வரும். அத்தனை கோணலிலும் மாறாமல் இருப்பது எது என்பதைத்தான் மூளை 'ம' என்று பிடித்துக்கொள்கிறது. அதனால் கோணல் எழுத்தை ரப்பர் வைத்து அழிக்காதீர்கள். புள்ளி வைத்த பயிற்சிப் புத்தகத்தையும் அளவோடு வையுங்கள். புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போகும் குழந்தை முழு வடிவத்தை மனத்தில் திட்டமிடுவதே இல்லை. ஒரு எழுத்துக்கு இரண்டு முறை புள்ளி மேல், மூன்று முறை பார்த்து எழுதுவது, கடைசியில் மூடிவைத்து நினைவிலிருந்து இரண்டு முறை. இது போதும்.

கைதான் முக்கியம் என்றால் 'அ'வில் தொடங்குவது சரியில்லை. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெட்டைக்கோடு என்று எல்லாம் சேர்ந்த கடினமான எழுத்து அது. 'ட'வில் தொடங்குங்கள்: "இறங்கு, நட." அதோடு "ஏறு" சேர்ந்தால் 'ப'. ஏறி, உள்ளே மடங்கி இறங்கினால் 'ம'. ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கிறது. கை எடுக்காமல் ஒரே வீச்சில் எழுத வேண்டும். 'ப'வை மூன்று குச்சியாக அடுக்கும் குழந்தைக்கு இந்த வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்ல வைத்தால் சரியாகிவிடும். மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் வந்ததும் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கையில். 'ர' வந்தால் மரம், ரம்பம். 'க' வந்தால் பக்கம்.

இங்கே பெங்களூருக் குழந்தை ஒரு நியாயமான கேள்வி கேட்கும். 'படம்' என்பதில் வரும் 'ட' மெலிந்து ஒலிக்கிறது, 'பட்டம்' என்பதில் அழுத்தமாக. கன்னடத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து. தமிழில் ஏன் ஒன்றே? 'ட்ட' என்று இரட்டித்தால் அழுத்தம், இரண்டு உயிருக்கு நடுவே தனியாக வந்தால் மெலிவு என்று அப்போதே சொல்லிவிடுங்கள். நான்கு வயதுக்கு இது புரியும். சொல்லாமல் விட்டால்தான் குழப்பம்.

முதல் இரண்டு மூன்று வாரம் பென்சில் வேண்டாம். 30 செ.மீ. அகலத் தட்டில் கறுப்புச் சார்ட் காகிதத்தை வெட்டிப் போட்டு, 100 முதல் 150 கிராம் ரவையை மெல்லப் பரப்புங்கள். கனமாகப் போட்டால் விரல் போன தடம் சரிந்து மூடிக்கொள்ளும், கோடு தெரியாது. விஜயதசமியன்று அரிசியில் எழுத வைப்பதும் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதியதும் இதே வேலைதான். சென்னையில் பணியாற்றிய ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தி, இங்கிலாந்து திரும்பிய பின் 1797-இல் அதைப் பற்றி லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். விரலுக்கு உராய்வு தெரிகிறது, தோள் முழுக்க அசைகிறது, தப்பை ஒரு தட்டலில் கலைத்துவிடலாம்.

அடுத்து சிலேட்டு. பலப்பத்தை 3 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். அத்தனை சின்னதை முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானே கூடும். பலப்பம் தின்னும் பழக்கம் தெரிந்தால் குழந்தை மருத்துவரிடம் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். இடக்கைப் பிள்ளையின் கையை மாற்றவே கூடாது.

ஒன்றுபோல் இருக்கும் எழுத்துகளை ஒரே நாளில் காட்டுவதுதான் வீட்டுப் பாடத்தில் நடக்கும் பெரிய தவறு. ரெண்டு சுழி 'ன' உறுதியான பிறகு, மூன்று வாரம் கழித்து மூணு சுழி 'ண'. 'ல'வுக்கும் 'வ'வுக்கும் அதே இடைவெளி. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் அடியில் உள்ள சாய்கோடு மட்டும். 'மரம்' என்பதை 'மாம்' என்று படித்தால் அதுதான் காரணம்.

தினமும் பத்து நிமிடம், ஞாயிறன்று ஒரு மணி நேரத்தைவிடப் பலன் தரும். சோதிக்கும்போது வரிசையாகக் கேட்காதீர்கள். அ, ஆ, இ என்று பாட்டாகச் சொல்வது எழுத்தை அறிவதாகாது. ஒரு அட்டையில் ஒரே எழுத்து தெரியும் அளவுக்குச் சதுர ஓட்டை வெட்டி, தினக் காலண்டர் தாளின் மேல் நகர்த்தி, ஓட்டையில் தெரிகிற எழுத்தைக் கேளுங்கள்.

உயிர்மெய்க்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். பெங்களூரு ஆய்வாளர் சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கன்னடம் கற்கும் பிள்ளைகளுக்கே எல்லா எழுத்தும் வசப்பட நான்காம் வகுப்பு வரை ஆனது தெரிந்தது. தமிழில் காலும் ('கா'வில் வருவது), விசிறியும் ('கி'யில் மேலே வருவது) முதலில். தமிழக அரசின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் கால் எல்லா எழுத்துக்கும் ஒன்றே. தாத்தா பழைய 'னா', 'லை' எழுதிக் காட்டினால் அதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவையுங்கள். உகர வரிசையை மூன்று குடும்பமாகப் பிரியுங்கள்: சு, பு, யு, வு போல நேரே இறங்குபவை, கு, டு, மு, ரு போல வளைபவை, து, நு, லு, னு போலக் காலோடு சுழிப்பவை. கொம்பு கடைசியில்தான். 'பெ' என்னும்போது காதில் முதலில் விழுவது 'ப்', கண்ணில் முதலில் படுவதோ கொம்பு. சிவப்பு அட்டையில் ஒரு கொம்பு வெட்டிக்கொள்ளுங்கள். 'ப' அட்டையை வைத்து, 'எ' என்று ஒலித்தபடியே கொம்பை அதன் இடப்பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். எழுதும்போது மட்டும் கொம்பில் தொடங்கட்டும்.