நீராற்பகுப்பு: உடைவது நீரா, உடைப்பது நீரா?

ஹைட்ராலிசிஸ் என்ற சொல்லை முதன்முதலாகப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். தண்ணீரை உடைப்பதா, தண்ணீரால் உடைப்பதா? கிரேக்கத்தில் 'ஹைடோர்' என்றால் நீர், 'லிசிஸ்' என்றால் தளர்த்துதல், கட்டவிழ்த்தல். இரண்டையும் ஒட்டிவிட்டார்கள், எது எதைச் செய்கிறது என்பதை நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். இந்த லிசிஸ் நமக்கு வேற்றாளும் இல்லை. டயாலிசிஸ், பாராலிசிஸ் இரண்டிலும் இருப்பது அதேதான்.

தமிழ்ச் சொல்லில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. நீர் + ஆல் + பகுப்பு. பால் + கடல் பாற்கடல் ஆனதுபோல, 'நீரால் பகுப்பு' நீராற்பகுப்பு ஆயிற்று. அந்த 'ஆல்' உருபுதான் இங்கே உயிர்நாடி. மின்னாற்பகுப்பையும், அதாவது மின்சாரத்தால் பகுப்பதையும், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நீரை மின்னாற்பகுத்தால் உடைவது நீர், மாவுச்சத்தை நீராற்பகுத்தால் உடைப்பது நீர். சிலர் 'நீர்ப்பகுப்பு' என்று சுருக்கி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உருபு போனதும் பழைய குழப்பம் திரும்பி வந்துவிடுகிறது. ஒளிச்சேர்க்கையில் நீர் உண்மையிலேயே உடைந்து ஆக்சிஜன் வெளிவருகிறதே, அதையல்லவா நீர்ப்பகுப்பு என்று சொல்லத் தோன்றும்?

சரி, நீர் எப்படிப் பகுக்கிறது? சர்க்கரையை, அதாவது சுக்ரோஸை எடுத்துக்கொள்வோம். அதன் மூலக்கூறு நிறை 342. நீரின் நிறை 18. இரண்டையும் கூட்டினால் 360. பிரிந்து வரும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஆளுக்கு 180. கணக்கு நேராகிவிட்டது. பிணைப்பு அறுந்த இடத்தில் ஒரு துண்டு ஹைட்ரஜனையும் மற்றொன்று மீதி ஹைட்ராக்சிலையும் (OH) எடுத்துக்கொள்கிறது. ஆக, பகுக்க வந்த நீரும் முழுதாக மிஞ்சுவதில்லை. தன்னையே இரண்டாகக் கொடுத்துவிட்டுப் போகிறது. அறுக்கும் பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு நீர் மூலக்கூறு செலவு. கொழுப்பு என்றால் மூன்று. 100 அமினோ அமிலங்கள் கோத்த புரதச் சங்கிலி என்றால் 99.

அப்படியானால், பெரும்பகுதி நீராலேயே ஆன நம் உடம்பில் புரதமெல்லாம் ஏன் கரைந்து போகவில்லை? காரணம் வேகம். நொதி எதுவும் இல்லாவிட்டால், சாதாரண வெப்பநிலை நீரில் அமினோ அமிலங்களைக் கோக்கும் ஒரு பெப்டைடு பிணைப்பு தானாக அறுவதற்குப் பல நூறு ஆண்டுகள்கூட ஆகலாம். எச்சிலில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ், இரைப்பையில் புரதத்தை உடைக்கும் பெப்சின் போன்ற நொதிகள்தான் நீராற்பகுப்பை விரைவாக முடிக்கின்றன. இவற்றுக்கு ஹைட்ரோலேஸ்கள் என்று பெயர். நீராற்பகுப்பு நொதிகள் என்றே சொல்லிவிடலாம்.

நீராற்பகுப்பை நீரேற்றத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சூடாக்கி வெளுத்த மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) நீர் விட்டால் மறுபடி நீலமாகும். அங்கே நீர் போய்ச் சேர்கிறது, எதையும் துண்டாக்குவதில்லை.

அப்புறம், நீராற்பகுப்பின் தலைகீழ் வினை. நீரை வெளியேற்றித் துண்டுகளைக் கோப்பது. பாடநூல்களில் இதைக் 'குறுக்க வினை' என்கிறார்கள். மூலக்கூறு நீண்டுகொண்டே போகும் ஒரு வினைக்குக் குறுக்கம் என்று பெயர் வைத்தது எனக்கு ஒட்டவே இல்லை. 'நீர்நீக்கிக் கோத்தல்' என்று சொன்னால் கொஞ்சம் நீளம்தான், ஆனால் நடப்பது அதுதானே?