இக்கைட்டு: பெயர் எங்கிருந்து வந்தது, தமிழில் எப்படிச் சொல்வது?

கடலடியில் கல் தூண்போல நிற்கும் ஒன்றிலிருந்து ஒரு துண்டை உடைத்து மேலே கொண்டுவந்து அறைக்குள் தட்டில் வைத்தால், கொஞ்ச நேரத்தில் தட்டில் தண்ணீரும் வெள்ளைக் குழைவும்தான் மிஞ்சும். அந்தக் கனிமம்தான் இக்கைட்டு.

கிரீன்லாந்தின் தென்மேற்கில், மலைகளுக்கு நடுவே ஒடுங்கி உள்ளே புகும் கடல் ஒன்றுக்கு இக்கா என்று பெயர். அங்கே கிடைத்த இதை டென்மார்க்கின் கனிமவியலாளர் ஹான்ஸ் பாலி 1963இல் விவரித்தார், ஊர்ப்பெயரே கனிமத்துக்கும் ஆனது. ‘ஐட்டு’ என்ற ஈறு கிரேக்கத்திலிருந்து வந்தது, ‘அதைச் சேர்ந்தது’ என்று பொருள். பிரெஞ்சு வேதியியலாளர் பெலூஸ் 1865லேயே இதை ஆய்வகத்தில் உண்டாக்கிவிட்டார், ஆனால் இயற்கையில் கண்ட பிறகுதான் பெயர் கிடைத்தது.

பொருள் என்னவோ நமக்குப் பழகியதுதான், சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சியம் கார்பனேட்டு. ஒவ்வொரு கார்பனேட்டோடும் ஆறு நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன, எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்! உறைநிலையை ஒட்டிய குளிரில்தான் நிலைக்கும், சூடு ஏறினால் தண்ணீரை விட்டுவிட்டு, பழைய பருமனில் மூன்றில் ஒரு பங்கே உள்ள கால்சைட்டாக, அதாவது நீரில்லாத கால்சியம் கார்பனேட்டுப் படிகமாக, சுருங்கிவிடும். இக்காவில் கார்பனேட்டு மிகுந்த காரத்தன்மையுள்ள ஊற்றுநீர் கடலடியிலிருந்து கசிந்து, குளிர்ந்த கடல்நீரின் கால்சியத்தோடு சேர்கிறது. வழக்கமாகக் கால்சைட்டுதான் படியவேண்டும், ஆனால் அந்த நீரில் உள்ள பாஸ்பேட்டு அதைத் தடுப்பதால் இக்கைட்டு முந்திக்கொண்டு, 18 மீட்டர் உயரம் வரைகூடத் தூண்களாக வளர்கிறது. அண்டார்க்டிகாவின் கடலடி வண்டலிலும், 2008இல் அங்குள்ள கடற்பனியிலும்கூட இதைக் கண்டிருக்கிறார்கள்.

சரி, தமிழில்? ‘நீர்ச்சுண்ணாம்பு’ என்று எழுதலாமே என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றுவது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும், அந்தச் சொல்லைக் கேட்டதும் நீறிய சுண்ணாம்புதான் நினைவுக்கு வரும். அது ஐதராக்சைடு, கார்பனேட்டே இல்லை. ஊர்ப்பெயரில் பிறந்த சொல்லை மொழிபெயர்க்கவும் வேண்டியதில்லை, பரங்கிமலைக் கல்லைக்கூட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி யோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லால் வந்த பெயரில் சார்னோக்கைட்டு என்றுதானே சொல்கிறோம். விளக்கம் தேவைப்படும் இடத்தில் ‘குளிர்ச்சுண்ணப் படிகம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பெயரை இக்கைட்டு என்றே எழுதுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ‘இகைட்டு’ என்று ஒற்றைக் ககரம் போட்டுவிடாதீர்கள், ‘இகம்’ போல ஒலி மெலிந்துவிடும். வல்லொலி வேண்டுமென்றால் க் இரட்டிக்கத்தான் வேண்டும்.

அப்புறம் இன்னொரு சொல், கிளெண்டனைட்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் உள்ள கிளெண்டன் என்ற இடத்தின் பெயரில் வந்தது. வண்டலுக்குள் இருந்த இக்கைட்டு உருமாறி, உள்ளே கால்சைட்டு நிரம்பி, வெளிவடிவம் மட்டும் பழையபடியே நிற்கும் கல் அது. இப்படி ஒன்றின் உருவில் இன்னொன்று இருப்பதைப் ‘பொய்யுரு’ எனலாம். பழைய பாறையில் கிளெண்டனைட்டைக் கண்டால், அங்கே ஒரு காலத்தில் கடுங்குளிர்க் கடல் இருந்திருக்க வேண்டும் என்றுதான் புவியியலாளர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.